என் கால்சட்டைப் பையில் ஒரு கத்தி

சென்ற ஆண்டு மலேசியாவின் ஈப்போவில், ஒரு பேரங்காடியின் மேல்மாடி மண்டபத்தில், காமிக் கதாபாத்திரங்களைப் போல வேடமிட்டு வரும் விழாவில், என் மருமகனுடைய வாளைச் சோதித்தார்கள். என்னைச் சோதிக்கவில்லை. விஷயம் இவ்வளவுதான். ஆனால் ஓராண்டாக இது என்னை விட்டுப் போகவில்லை. இரும்புச் சாமான் கடையில் பகல் முழுவதும் ஆணியும் திருகும் நிறுத்துக் கொடுப்பவனுக்கு யோசிக்க நேரம் நிறைய உண்டு.

மருமகன் என்றால் அக்காள் மகன். பத்தொன்பது வயது. சுங்கை சிப்புட்டில் எங்கள் வரிசை வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து ஆறு வாரமாக ஒரு வாள் செய்தான். பாலர் பள்ளித் தரையில் விரிப்பார்களே, ரப்பர் போல மெத்தென்ற நுரைத் தட்டு, அதுதான் வாளின் உடம்பு. உள்ளே தண்ணீர்க் குழாய்த் துண்டு. சூடான காற்று ஊதும் கருவியை விளிம்பில் காட்டினால் நுரை இறுகிப் பளபளக்கிறது. அதற்கு மேல் பசைப் பூச்சு, பிறகு வெள்ளி நிறம். இதில் ஒரு சங்கதி. நுரையை வெட்டுவது சுலபமில்லை. கத்தி சற்று மழுங்கியிருந்தாலும் வெட்டு நேராக விழாமல் பிய்ந்துகொண்டு வரும். நுரையோ கத்தியைச் சீக்கிரம் மழுக்கிவிடும். நான்கு வெட்டுக்கு ஒரு முறை "மாமா, கத்தி போகவில்லை" என்பான். நான் கல்லில் தீட்டிக் கொடுப்பேன். ஆக, அந்த வாளை அறுத்து உருவாக்கியதே என் பைக்கத்திதான்.

மண்டப வாசலில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ஒரு பெண்; கழுத்தில் தன்னார்வலர் அட்டை. வாளை வாங்கி, முனையைக் கட்டைவிரலால் அழுத்தினாள். உள்ளே அமுங்கித் திரும்பி வந்தது. விளிம்பு நெடுக விரலை ஓட்டினாள். மெல்ல வளைத்தாள். மேசையில் ஒரு தட்டுத் தட்டி, சுரைக்காய் வாங்குகிற கிழவி மாதிரி காதைக் கொடுத்துக் கேட்டாள். அளவு நாடாவை நீட்டிப் பார்த்தாள். கடைசியில் கைப்பிடியையும் உறையையும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பட்டையைச் சுற்றி, டிர்ரென்று இழுத்து இறுக்கி, மஞ்சள் சீட்டு ஒட்டினாள். இனி அதை உருவ முடியாது. பிறகு என்னைப் பார்த்து, "அங்கிள், உங்களிடம் ஏதாவது?" என்றாள். "நான் வேடிக்கை பார்க்க வந்தவன்" என்றேன். சிரித்தாள், உள்ளே போகச் சொன்னாள்.

நான் பொய் சொல்லவில்லை. அந்தக் கணத்தில் உண்மையாகவே எனக்கு நினைவில்லை. செருப்புப் போட்டிருப்பது யாருக்காவது நினைவிருக்குமா?

"மாமா, மூடுங்கள்"

ஒரு மணி நேரம் கழித்து, பின்பக்கப் படிக்கட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். மருமகனுக்கு வெள்ளி நிறப் பொய்முடி, கன்னத்தில் குறுக்காக ஒரு செந்நிற வெட்டுத் தழும்பு. அவன் வேடமிட்ட ஜப்பானிய வாள்வீரனுக்கு அது உண்டாம். தழும்பு வரைய மட்டும் ஒரு மணி நேரம் பிடித்தது. சுற்றிலும் இறக்கை முளைத்தவர்கள், கொம்பு வைத்தவர்கள், ஆளுயரக் கோடரியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குளிர்பானம் குடிப்பவர்கள். நான் பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்தேன். கை தானாகக் கால்சட்டைப் பைக்குள் போயிற்று. கட்டைவிரல் தானாக அலகை விரித்தது. பழத்தில் பாதி இறங்கியிருக்கும்.

"மாமா, மூடுங்கள்."

உரக்கச் சொல்லவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். தலையைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு படி கீழே உட்கார்ந்திருந்த கொம்புக்காரி தன் பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு படி இறங்கி உட்கார்ந்தாள். அவ்வளவுதான் செய்தாள். கோடரிகள் நடுவே கூசாமல் உட்கார்ந்திருந்தவளுக்கு என் ஏழு சென்டிமீட்டர் அலகு கூசியது. அந்த இடத்தில் இருந்த ஒரே நிஜமான இரும்பு அதுதான் என்பது அவள் கண்ணுக்கு உடனே தெரிந்துவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது. முதலில் வந்தது கோபம்தான், மறைப்பதற்கில்லை. பழம் நறுக்குகிற கத்தியைக் கண்டு ஒதுங்குகிறார்களே, இவர்கள் என்ன வீட்டில் பிறந்தவர்கள் என்று தோன்றியது. நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் கத்தி இல்லாத மனிதர் கிடையாது. விடியாத நேரத்தில், மரத்தில் பால் அழுத்தம் கூடியிருக்கும்போதே, நெற்றி விளக்கோடு அம்மா மர நிரைக்குப் போவார். மூங்கில் கூடையில் மற்றவை எல்லாம் கலந்து கிடக்கும். கத்தி மட்டும் துணி சுற்றித் தனியாக இருக்கும். இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்த்து, பட்டையை ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை மில்லிமீட்டர் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழம் கூடிப்போனால் பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய படலம் வெட்டுப்பட்டு, மரத்தில் முண்டு முண்டாகக் காயம் ஆறும். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஏசுவார். கத்தியைப் பிடித்த கையின் நிதானத்துக்குத்தான் தோட்டத்தில் மதிப்பு. நான் பால் வெட்டப் போகவில்லை. 1991இல் முதல் சம்பளத்தில் ஈப்போவில் பதினெட்டு ரிங்கிட் கொடுத்து இந்த மடக்குக் கத்தியை வாங்கியபோது, அந்தப் பரம்பரையில் ஒரு துண்டு என் பையிலும் இருக்கட்டும் என்று நினைத்தேனோ என்னவோ. சாக்குப் பிரிக்க, கயிறு அறுக்க, பழம் நறுக்க என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அது என் ஆறாவது விரல்.

பாட்டி ஒன்று சொல்வார். கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக வெள்ளைக்காரன் மலாயாவில் அறிவித்த அவசரகாலத்தின்போது தோட்டத்து வாசலில் சோதனை. 1948 ஜூனில் வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகளைச் சுட்டது எங்கள் ஊர்ப் பக்கம்தானே. அதனால் கெடுபிடிக்குக் குறைவில்லை. காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று, வேலைக்குப் போகிறவர்களின் தூக்குச்சட்டியைத் திறந்து பார்ப்பார்களாம். வாளிக்குள் கைவிட்டுத் துழாவுவார்களாம். மடியைத் தட்டிப் பார்ப்பார்களாம். "கத்தியை மட்டும் எவனும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அரிசிக்குத்தான் பயந்தான்" என்பார் பாட்டி. உரிமம் இல்லாத துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்று சட்டம் இருந்த காலம். ஆனால் இருநூறு பேர் இருநூறு கூரிய கத்திகளோடு வரிசையாக வெளியே போனார்கள்; தடுத்தது சோற்றை.

படிக்கட்டில் கத்தியை மடக்கும்போது இந்தக் கதை நினைவுக்கு வந்தது. வாசலில் நிற்பவன் எதைத் தேடுகிறானோ அதுதான் அவன் கண்ணில் படும்; அந்தப் பெண்ணுக்கு வாள் வடிவம் கண்ணில் பட்டது. கதை எனக்குச் சாதகமாக இருந்ததால் அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டேன். பாதிப் பழத்தைக் கடித்தே தின்றேன்.

அலகு ஏழு சென்டிமீட்டர்

வேறு எந்த ஊர்க்காரன் என்ன சொல்கிறான் என்று பிறகு படித்துப் பார்த்தேன். மேல்நாட்டு விழாக்களில் இது பழைய சண்டை. "பைக்கத்தி எனக்குக் கருவி, எப்போதும் வைத்திருப்பேன், விழாவுக்கு வருவதால் ஏன் கழற்றி வைக்க வேண்டும்" என்பவர்கள் ஒரு பக்கம். "ஆயிரக்கணக்கில் கூட்டம், உன்னை எனக்குத் தெரியாது" என்பவர்கள் மறுபக்கம். முதல் கட்சிக்காரர்கள் எழுதியதைப் படிக்கும்போது என் வாயிலிருந்து பிடுங்கி எழுதியது போலிருந்தது. அதனாலேயே கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. தன் வாதத்தை இன்னொருவன் வாயில் கேட்டால்தான் அதன் சத்தம் தெரிகிறது.

2017 மே மாதம் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் நடந்த காமிக் விழாவுக்குள் ஒருவன் குண்டு நிரப்பிய துப்பாக்கிகளோடும் கத்தியோடும் புகுந்துவிட்டான். உடற்கவசம் வேறு அணிந்திருந்தான். கவசம் அணிந்தவர்களே நிறைந்த கூட்டத்தில் அது யாருக்கு வித்தியாசமாகப் படும்? சுடுவதற்கு முன்பே போலீஸ் பிடித்துவிட்டது. விழா நடத்தியவர்கள் உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? விளையாட்டு ஆயுதங்களைத் தடைசெய்தார்கள். நிஜத் துப்பாக்கி கொண்டு வந்தவனுக்காக நுரை வாள்களுக்குத் தண்டனை. ஆத்திரப்பட்டவர்கள் பலர். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் கூட்டத்தில் ஒரு நிஜத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், அதைச் சுற்றியிருக்கும் ஆயிரம் போலிகளைக் குறைப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு என்ன வழி அந்த நேரத்தில் இருந்தது என்றும் யோசித்தேன். பதில் சரியாக அகப்படவில்லை.

ஜப்பானில், இந்த வேடங்களுக்கெல்லாம் தாய்வீடான தோக்கியோவின் அகிஹபாராவில், 2008 ஜூன் 8ஆம் தேதி ஒருவன் லாரியைக் கூட்டத்தில் ஏற்றிவிட்டு இறங்கிக் கத்தியால் குத்தினான். ஏழு பேர் இறந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகளை நிறுத்தி மக்கள் நடமாட விட்டிருந்த அந்தத் தெருவை 2011 வரை மீண்டும் அப்படித் திறக்கவில்லை. இரட்டை விளிம்புக் குத்துவாள்களுக்கான சட்டத்தையும் இறுக்கினார்கள். அங்கே பொதுவாக 6 சென்டிமீட்டருக்கு மேல் அலகு நீண்ட கத்தியைத் தக்க காரணமின்றி எடுத்துச் செல்லக் கூடாது; சில சிறு மடக்குக் கத்திகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. இங்கிலாந்தில் 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 சென்டிமீட்டருக்கு, மேற்படாத, அலகு பூட்டிக்கொள்ளாத சாதாரண மடக்குக் கத்திக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. சமையலறை மேசையில் அளவுகோலை வைத்து என் கத்தியை அளந்தேன். சரியாக ஏழு. தோக்கியோவில் நான் குற்றவாளி ஆகக்கூடும், லண்டனில் யோக்கியன்.

சுங்கை சிப்புட்டில்? நம் நாட்டின் 1958ஆம் ஆண்டு அபாயகர ஆயுதங்கள் சட்டம் அளவுகோலை எடுப்பதில்லை. ஆயுதமாகப் பயன்படுத்தினால் காயம் விளைவிக்கக்கூடிய எந்தக் கருவியும் அதில் அடங்கும். பொது இடத்தில் அதை வைத்திருந்தால், 6ஆம் பிரிவு கேட்பது ஒன்றுதான்: எதற்கு? சட்டப்படியான நோக்கம் இல்லையென்றால் சிறை, பிரம்படியும் உண்டு. அம்மாவின் கத்திக்கு நிரையில் நோக்கம் இருந்தது. என் கத்திக்குக் கடையில் இருக்கிறது. பேரங்காடி மண்டபத்தில்? கொய்யாப்பழம் என்று நீதிமன்றத்தில் சொல்லிப் பார்க்கலாம். துப்பாக்கிக்கு இந்தக் கேள்விகூடக் கிடையாது. நிஜத்தைப் போலத் தோன்றும் போலித் துப்பாக்கியையே 1960ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மருமகன் வாள்வீரனைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். அவனுடைய நண்பன் ஒருவன் துப்பாக்கி வீரனாக வர நினைத்து, கடைசியில் வாழைப்பழத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தான். அன்றைக்கு அதிகம் படம் பிடிக்கப்பட்டவன் அவன்தான்.

உறையோடு சேர்த்துக் கட்டும் வழக்கமும் புதிதல்ல, மேல்நாட்டு விழாக்களில் அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். எனக்கு எங்கள் தோட்டத்து முனியாண்டி நினைவுக்கு வந்தார். அவர் சூலத்தின் மூன்று முனைகளிலும் எலுமிச்சம்பழம் குத்தி வைத்திருக்கும். சாத்திரம் வேறு சொல்லலாம். சின்ன வயதில், யார் கண்ணிலும் குத்திவிடக் கூடாது என்றுதான் பழம் வைத்திருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

"பெடாங்?"

இனி நான் சொல்ல வந்த இடம். அன்று இரவு திரும்பும்போது பழைய சாலையில் வந்தோம். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, வளைவுக்கு அப்பால், சாலைத் தடுப்பு. ஆரஞ்சுக் கூம்புகள். டார்ச் வெளிச்சம் முதலில் என் முகத்தில் விழுந்தது, உடனே நகர்ந்தது. மருமகன் முகத்தில் விழுந்தது, அங்கேயே நின்றது.

தழும்பை அவன் துடைக்க மறந்திருந்தான். பகலில் சாயம் என்று தெரிந்தது, டார்ச் ஒளியில் நேற்று வாங்கிய வெட்டுப் போல இருந்தது.

ஓரமாக நிறுத்தச் சொன்னார்கள். அவனை இறங்கச் சொன்னார்கள். நானும் கதவைத் திறந்தேன். இளவயதுக் காவலர் ஒருவர், மரியாதையாக, "பாக்சிக் உட்காருங்கள், பரவாயில்லை" என்று மலாயில் சொன்னார். உட்கார்ந்தேன். கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுடைய பைகளை வெளியே எடுத்துக் காட்டச் சொன்னார்கள். கைப்பேசி, சில்லறை, பசைக் குப்பி. முதுகுப் பையைத் திறந்தார்கள். வெள்ளிப் பொய்முடி வெளியே வந்தது. ஒருவர் அதை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவது போலத் தூக்கிப் பிடித்தார். பிறகு காரின் பின்கதவு. படுக்கை விரிப்பில் சுற்றி, நீளமாக, ஐந்தடி.

"பெடாங்?" என்றார் காவலர்களில் பெரியவர். வாளா என்று. குரல் மாறியிருந்தது. இன்னொருவர் கை இடுப்புக்குப் போனதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

"ஸ்பான், துவான்" என்றான் மருமகன். நுரைப்பஞ்சு, ஐயா. இரு கைகளும் தோளுயரத்தில் இருந்தன. யாரும் அவனைத் தூக்கச் சொல்லவில்லை. எங்கே கற்றுக்கொண்டான் என்று தெரியவில்லை. நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பத்திரிகையில் பாராங் கத்தி வெட்டு என்று தலைப்பு வரும் ஒவ்வொரு காலையும் அக்காள் அவனை எழுப்பி, "எங்கே இருந்தாய் நேற்று?" என்று கேட்பார். அந்தக் கேள்வியிலிருந்து கற்றிருக்கலாம்.

விரிப்பைப் பிரித்தார்கள். மஞ்சள் சீட்டு, பிளாஸ்டிக் பட்டை. பெரியவர் கட்டைவிரலால் உறையோடு முனையை அழுத்தினார், அந்தப் பெண் அழுத்தியது போலவே. அமுங்கித் திரும்பி வந்தது. ஒரு நொடி அமைதி. பிறகு சிரித்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் அந்த வாளோடு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மருமகன் சிரித்துக்கொண்டு நின்றான். அவன் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது காரிலிருந்த எனக்குத் தெரிந்தது.

இவ்வளவு நேரமும் என் கத்தி என் பையில் இருந்தது. உட்கார்ந்திருந்ததால் தொடையில் அழுத்திக்கொண்டிருந்தது. இறங்கி நின்று, "துவான், இந்தப் பையனை விடுங்கள், நிஜக் கத்தி என்னிடம் இருக்கிறது, நான் கடைக்காரன்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது மருமகனுக்கு இன்னும் வம்பாக முடிந்திருக்கும் என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. பயந்தேன்.

"கருவிதானே, நம்மைப் பார்த்தால் தெரியாதா" என்று படிக்கட்டில் கோபப்பட்டேனே, அந்த வாதம் எங்கே நின்றது என்று அப்போதுதான் தெரிந்தது. என் நரைத்த தலையில் நின்றது. என் கட்டம்போட்ட சட்டையில் நின்றது. தோட்டத்தில் அம்மாவின் கத்தியை யாரும் கேள்வி கேட்காததற்குக் காரணம், மண்டோருக்குப் பிடியைப் பார்த்தாலே அது யார் கத்தி என்று தெரியும். அந்தக் கை என்ன செய்யும், செய்யாது என்றும் தெரியும். என்னை வாசலிலும் சாலையிலும் விட்டவர்களுக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்த மாதிரி முகம் எனக்கு வாய்த்திருந்தது, அவ்வளவுதான். பத்தொன்பது வயதுத் தமிழ்ப் பையனுக்கு அது வாய்க்கவில்லை. அந்தப் பெண்ணின் மேசை மட்டும்தான் அன்றைக்கு முகத்தைப் பார்க்காமல் பொருளைப் பார்த்தது. எனக்கு எரிச்சலூட்டிய அந்த மஞ்சள் சீட்டுதான் சாலையில் அவனுக்குச் சாட்சியாகவும் வந்தது.

வீடு சேரும்வரை அவன் பேசவில்லை. வாசலில் இறங்கும்போது, "மாமா, அது இன்னும் பையில்தான் இருக்கிறதா?" என்றான். "ஆமாம்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான்.

கத்தரிக்கோல்

இந்த ஆண்டு அதே மண்டபம். 2002இல் தொடங்கிய காமிக் ஃபியெஸ்டா என்ற பெரிய விழாவுக்கு ஒரு டிசம்பரிலாவது கோலாலம்பூர் போய்விட வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்குப் புது வாள் ஒன்று செய்கிறான். இது அதற்கு ஒத்திகையாம். கிளம்பும் முன் கத்தியைச் சாமி மாடத்துக்குப் பக்கத்து இழுப்பறையில் வைத்தேன். நாள் முழுவதும் வலது தொடை லேசாக இருந்தது. பல் விழுந்த இடத்தை நாக்குத் தேடுவது போலக் கை தேடிக்கொண்டே இருந்தது.

மேசையில் அதே பெண். அழுத்தினாள், வளைத்தாள், தட்டினாள், கட்டினாள். "அங்கிள், உங்களிடம் ஏதாவது?" இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினேன். சாவி, கைக்குட்டை, கடை ரசீது. அவள் கேட்டது வாய்ப்பேச்சுக்குத்தான். நான் பைகளை இழுத்ததைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்தாள். மருமகன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாலையில், படம் எடுக்க வாளை உருவ வேண்டும் என்றான். வெளி வராந்தாவில் மட்டும் அனுமதி. பட்டையை அவர்கள்தான் அறுக்க வேண்டும். மேசையில் ஒரு கத்தரிக்கோல் கயிற்றால் கட்டிக் கிடந்தது, பிள்ளைகள் காகிதம் வெட்டுகிற, முனை மழுங்கிய வகை. அந்தப் பெண் பட்டையை அதன் வாயில் கொடுத்து அழுத்தினாள். அறவில்லை. திருப்பிப் பிடித்து அழுத்தினாள். வழுக்கியது. இரண்டு கையாலும் பிடித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு ரம்பம் போல அறுக்க ஆரம்பித்தாள். பின்னால் வரிசை நீண்டது. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். எந்தக் கோணத்தில் எந்தக் கல்லில் எத்தனை இழுப்பு இழுத்தால் அது சரியாகும் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.